வகுப்பறையில் போர்ப் பதக்கங்கள்: முதல் உலகப்போர்ப் பதக்கத்தை வாசித்தல்

போர்ப் பதக்கம் என்பது ஒரு போர்க்காலத்தில் பணியாற்றியவருக்கு அரசு வழங்கும் உலோக வில்லை. பீரங்கி, வாள் போன்ற போர்ப்பொருட்களை மாணவர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் தள்ளி நின்றுதான் பார்க்கிறார்கள். பதக்கம் அப்படியல்ல. முன்னாள் படைவீரர் குடும்பங்களின் பெட்டிகளில் அது இன்றும் கிடக்கிறது. வகுப்புக்குக் கொண்டுவந்து கையில் எடுத்து ஆராயலாம். (பழைய தோட்டாவையும் எறிகுண்டையும் எக்காரணம் கொண்டும் கொண்டுவரச் சொல்லக்கூடாது. நூறு ஆண்டு கழிந்தும் அவை வெடிக்கக்கூடும்.) மேலும், மற்ற போர்ப்பொருட்களில் அரிதாகவே காணப்படும் ஒன்று இதில் உண்டு. அது உரியவரின் பெயர்.

இரண்டு பதக்கங்கள்

முதல் உலகப்போருக்காகப் பிரித்தானிய அரசு வழங்கியவற்றுள் மிகப் பரவலானவை இரண்டு. ஒன்று, 1919இல் ஏற்படுத்தப்பட்ட பிரித்தானியப் போர்ப் பதக்கம். விட்டம் 36 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இடப்புறம் நோக்கியிருக்கும். சுற்றிலும் உள்ள இலத்தீன் எழுத்துகளின் முடிவில் வரும் சுருக்கத்தின் பொருள் 'இந்தியாவின் பேரரசர்'. மறுபக்கத்தில் குதிரைமேல் ஒரு வீரன். குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயமும் மண்டையோடும். 1914, 1918 என இரு ஆண்டுகள்.

மற்றொன்று வெற்றிப் பதக்கம். இதில் சிறகுடைய பெண்ணுருவம் காணப்படும். போர்முனைப் பகுதிக்குச் சென்ற படைவீரர்கள் பெரும்பாலும் இரண்டையுமே பெற்றனர். இதில் பொறித்துள்ள ஆண்டுகள் 1914–1919. ஒரே போருக்கு ஏன் இரண்டு முடிவாண்டுகள் என்று மாணவர்களைக் கேட்கலாம். சண்டை நின்றது நவம்பர் 1918. வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூன் 1919.

இவற்றைக் காட்டி, "தாத்தாவின் அப்பா வீரச்செயலுக்காக வாங்கியது" என்று வீட்டில் சொல்வதுண்டு. இவை வீரத்துக்கான விருதுகள் அல்ல, பணியாற்றியதற்கு அடையாளமாகத் தரப்பட்டவை. அவர் வீரர் அல்லர் என்று இதற்குப் பொருளில்லை. அதைப் பற்றி இந்தப் பதக்கம் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உலோகம்

போர்ப் பதக்கம் ஏறத்தாழ 65 லட்சம் பேருக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சுமார் 1,10,000 பதக்கங்கள் மட்டும் வெண்கலத்தில் அமைந்தன. வடிவமும் அளவும் ஒன்றே. வெண்கலம் பெற்றவர்களுள் பெரும்பாலோர் சீனா, இந்தியா, மால்டா ஆகிய இடங்களிலிருந்து சென்ற தொழிலாளர் படையினர். துப்பாக்கி ஏந்திய இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளி கிடைத்தது. ஆகவே வெள்ளையர், இந்தியர் என்ற ஒற்றைக் கோட்டை இங்கே போட முடியாது. ஆனால் அதே மூட்டை சுமக்கும் வேலையைச் செய்த பிரித்தானியத் தொழிலாளர் படையினருக்கும் வெள்ளிதான் கிடைத்தது. இந்த வேறுபாட்டைப் பாடநூல் விளக்குவதைவிட, இரு பதக்கங்களையும் அருகருகே வைத்தால் மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

இங்கே ஒரு தவறு நேர்வதுண்டு. வெற்றிப் பதக்கம் எல்லோருக்குமே வெண்கலத்தில்தான் வழங்கப்பட்டது. பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் தொழிலாளர் பதக்கம் என்று முடிவு செய்துவிடக்கூடாது. முதலில் மன்னர் தலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விளிம்பு

மிக முக்கியமான செய்தி முகப்பில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே சிறிய ஆங்கில எழுத்துகளில் அச்சுக் குத்தப்பட்டிருக்கும். கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும். படைப்பிரிவின் பெயர் சுருக்கமாகவே இருக்கும். 'எஸ் அண்ட் எம்' என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம், பாதை, அரண் அமைக்கும் பொறியியல் படை. மதராஸ் சாப்பர்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் தாறுமாறாக எழுதப்பட்டிருக்கும் என்பதால் உரக்கப் படித்துப் பார்ப்பது உதவும்.

பழைய பெயரை அராவிவிட்டு வேறு பெயர் பொறித்த பதக்கங்களும் உண்டு. இயற்பியல் ஆய்வகத்தின் வெர்னியர் அளவியால் பல இடங்களில் விட்டத்தை அளந்தால் 36 மில்லிமீட்டருக்குக் குறைவு தென்படும். பதக்கத்தைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ துலக்கக்கூடாது. எழுத்து தேய்வதற்கு அதுவே பெரிய காரணம்.

இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் நிலைமை தலைகீழ். பிரித்தானியப் படையினருக்குப் பெயரில்லாத பதக்கங்கள் அனுப்பப்பட்டன. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெயர் பொறிக்கப்பட்டது. ஆறுமுனை கொண்ட பர்மா நட்சத்திரம் ஒன்று கிடைத்து, அதன் பின்புறம் வெறுமையாக இருந்தால், அது யாருடையது என்பதைக் கூடுதல் சான்று கொண்டே உறுதி செய்ய வேண்டும்.

பெயரும் எண்ணிக்கையும்

பெயர் பொறித்த விளிம்பின் மதிப்பு, மற்ற நினைவுச் சின்னங்களோடு ஒப்பிடும்போது தெரிகிறது. தமிழ்நாட்டின் சில ஊர்களில் முதல் உலகப்போர் நினைவுக் கல்வெட்டுகள் உள்ளன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிரிழந்தனர் என்று மட்டும் அவை கூறுகின்றன. மெசபடோமியாவில் இறந்த 40,000க்கும் மேற்பட்டோருக்காக ஈராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவகத்திலும் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு; சாதாரணச் சிப்பாய்கள் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய சமமற்ற நடத்தையை ஒப்புக்கொண்டது.

இறந்தவரின் பதக்கம் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது. நினைவகத்தின் சுவரில் எண்ணாக நிற்கும் ஒருவரின் பெயர், வீட்டுப் பெட்டியில் உள்ள 36 மில்லிமீட்டர் வில்லையின் விளிம்பில் இருக்கக்கூடும். அந்தப் பெயரையும் படை எண்ணையும் எழுதிக்கொண்ட மாணவர் அடுத்துத் தேட வேண்டிய இடம், அந்த ஆணையத்தின் இணையத் தரவுத்தளம்.