இருக்கை யாருக்குச் சொந்தம்?



தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் பழுதாகிவிட்டது. நம் குறையை எடுத்துச் சொல்லும்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்து மானேஜரிடம் அனுப்புகிறோம். உள்ளே போனவர் வெளியே வரும்போது மானேஜருக்காக நம்மிடம் வாதாடுகிறார். அவர் இன்னும் நம் ஆள்தானா? அவரை மாற்ற நமக்கு உரிமை உண்டா?

சட்டமன்றங்களிலும் இதே கேள்விதான் எழுகிறது. ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர் வேறு கட்சிக்குத் தாவிவிட்டால், அந்த இருக்கை யாருக்குச் சொந்தம்?

எட்மண்ட் பர்க் என்னும் அரசியல் அறிஞர் 1774-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடம் இதுபற்றிப் பேசினார். உறுப்பினர் வெறும் தூதுவர் அல்லர். தம் சொந்த அறிவைப் பயன்படுத்தி முடிவெடுக்க வேண்டியவர் என்பது அவர் கொள்கை. ஆனால் அவருடைய சில முடிவுகள் அந்நகரத்தாருக்குப் பிடிக்கவில்லை. 1780-இல் வெற்றி கிட்டாது என்று கண்டு, பிரிஸ்டலில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். உறுப்பினருக்குச் சுதந்திரம் உண்டு. இறுதித் தீர்ப்போ வாக்காளரிடம் இருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரும் இருக்கிறது, சின்னமும் இருக்கிறது. நம்மில் பலர் சின்னத்தைப் பார்த்தே கோடிடுகிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் வென்றவர் அந்த மனிதரே.

1991-இல் கிளந்தான் மாநிலம், கட்சி மாறுவோர் பதவி இழக்க வேண்டும் என்று தன் அரசமைப்பில் விதி செய்தது. ஆளும் அணியில் வென்ற இருவர் விலகி அம்னோவில் சேர்ந்ததால் இடைத்தேர்தல் நடந்தது. இருவரும் மீண்டும் நின்று தோற்றனர். ஆயினும் 1992-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. சங்கம் சேரும் உரிமையைக் கூட்டரசு அரசமைப்பின் 10-ஆம் விதி காக்கிறது. அதை மாநிலச் சட்டம் குறைக்க முடியாது என்பதே காரணம். மக்கள் தோற்கடித்தவர்களே உறுப்பினர்களாகத் திரும்பினர்.

அதன்பின் தாவலுக்குத் தடையில்லை. 1994-இல் சபாவில் 48 இடங்களில் 25-ஐ வென்ற பிபிஎஸ் கட்சியின் அரசு, உறுப்பினர்கள் விலகியதால் சில வாரங்களில் கவிழ்ந்தது. பேராக்கில் 2008-இல் பக்காத்தான் 31 இடங்களும் பாரிசான் 28 இடங்களும் பெற்றன. 2009 பிப்ரவரியில் மூவர் அணி மாறினர். அவ்வளவுதான், கணக்குத் தலைகீழாயிற்று. ஒரு வாக்குச்சீட்டுக்கூட மறுபடி போடப்படாமல் அரசு கைமாறியது.

மனசாட்சியின்படி கட்சி மாறியவர், பதவி விலகி மக்களிடம் திரும்பி வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1990-இல் சேர்க்கப்பட்ட ஒரு விதியின்படி, பதவி விலகிய நாடாளுமன்ற உறுப்பினர் 5 ஆண்டுகளுக்கு மீண்டும் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. நேர்மையான வழி அடைபட்டிருந்தது. தாவும் வழி திறந்து கிடந்தது.

2018 மே மாதத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த கூட்டணி அரசு, ஒரு கட்சியும் சில உறுப்பினர்களும் விலகியதால் 2020 பிப்ரவரியில் வீழ்ந்தது. அதன் பிறகே 2022 ஜூலை 28-இல் மக்களவை அரசமைப்பைத் திருத்தியது. 209 பேர் ஆதரித்தனர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. அக்டோபர் 5-இல் 49ஏ விதி நடப்புக்கு வந்தது. கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் இருக்கையை இழப்பார்; இடைத்தேர்தல் வரும். அந்த 5 ஆண்டுத் தடையும் நீக்கப்பட்டது.

ஆனால் கட்சியே ஒருவரை வெளியேற்றினால், அவர் இருக்கை போகாது. சிங்கப்பூரிலோ வெளியேற்றப்பட்டவரும் இருக்கையை இழப்பார். இரண்டிலும் நன்மை தீமை உண்டு. வெளியேற்றத்தால் இருக்கை போகுமானால், தலைவரை எதிர்த்துப் பேச உறுப்பினர் அஞ்சுவார். போகாது என்றால், கட்சிக்கு எதிராக நடந்தும் இருக்கையில் நீடிக்க வழியிருக்கும். 2024-இல், பிரதமரை ஆதரித்த பெர்சத்து உறுப்பினர்கள் அறுவரின் இருக்கைகள் காலியாகவில்லை என்று சபாநாயகர் முடிவு செய்தது இதற்குச் சான்று.

நேயர்களே, சட்டம் வேலி போடும். காவலுக்கு நாம்தான் நிற்க வேண்டும். அடுத்த தேர்தலில் வேட்பாளர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், சாலை, விளக்கு பற்றிக் கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "உங்கள் கட்சியோடு கருத்து வேறுபட்டால் என்ன செய்வீர்கள்? முதலில் எங்களிடம் வருவீர்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் வாக்காளருக்கே இருக்கை சொந்தம்.