பலூன் போன வழி

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர், அழுகத் தொடங்கிய காலை எடுத்துவிடச் சம்மதிக்க மறுத்தார். கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் அவருடைய தொடை ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு, அதன்மேல் குழல்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். கால் பிழைத்தது.

ஜெர்மனியில் அந்த முறையைக் கற்ற மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறையில் பலூன் குழல்களை ஒட்டிப் பார்த்தார். ரப்பர் பலூன் உதவவில்லை. அடைப்பு இறுகிய இடத்தை விட்டு, இளக்கமான பக்கம் உப்பிவிடும். குறித்த அளவுக்கு மேல் உப்பாத பிவிசி பலூனைச் செய்தார். 1977 செப்டம்பர் 16 அன்று அது 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயில் விரிந்தது.

விரித்த குழாய் சில மாதங்களில் மறுபடி சுருங்குவதும் உண்டு. அதைத் தடுக்க, குழாயை உள்ளிருந்து தாங்கும் வலைக்குழலான ஸ்டென்ட் 1986-ல் பிரான்ஸின் துலூஸில் முதன்முதலாக இதயக் குழாய்க்குள் போனது. பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. முதியவர்களுக்கு இவற்றுக்கு இணையாக உதவியது பாதை மாறியதுதான் என்பேன். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் இதய மருத்துவர் கீமெனேய், தொடை இடுக்கை விட்டு மணிக்கட்டு வழியாகக் குழலைச் செலுத்தினார். இந்தச் சிகிச்சையில் வயதானவர்களை அதிகம் வதைப்பது குழல் நுழைந்த இடத்து ரத்தக்கசிவு. மணிக்கட்டில் எலும்பின்மேல் அழுத்திப் பிடித்தால் அது நின்றுவிடும்.

ஆனால் மூதாட்டியின் காலில் தொடங்கிய இந்த வைத்தியத்தின் ஆய்வுகளில் முதியவர்களுக்கு நெடுங்காலம் போதிய இடம் இல்லை. 'இந்த வயதில் எதற்கு?' என்று மாத்திரையோடு அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

2023-ல் வெளியான ஃபயர் ஆய்வில் இத்தாலி, ஸ்பெயின், போலந்தைச் சேர்ந்த 1,445 பேர்; மாரடைப்பு வந்தவர்கள், எல்லோரும் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். மாரடைப்பைத் தந்த அடைப்பை மட்டும் திறந்தவர்களில் மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம், மறுசிகிச்சை ஆகியவற்றில் ஒன்று ஓராண்டுக்குள் 21 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. ரத்த ஓட்டத்தை அளந்து, அதைத் தடுக்கும் மற்ற அடைப்புகளையும் திறந்தபோது 15.7 சதவீதம்.

மறு ஆண்டு பிரிட்டனின் சீனியர்-ரீட்டா ஆய்வு நிதானமான விடை தந்தது. குழாய் முழுதாக அடைபடாத வகை மாரடைப்பு வந்த, 75 வயதோ அதற்கு மேலோ ஆன 1,518 பேரில், மருந்தோடு நிறுத்தியவர்களுக்கும் ஆஞ்சியோ செய்து தேவைக்கேற்ப அடைப்பைத் திறந்தவர்களுக்கும் இதயநோய் மரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உயிரைப் பறிக்காத மாரடைப்பு, மருந்தோடு நிறுத்தியவர்களில் 15 சதவீதம் என்றால் மற்றவர்களில் 11.7 ஆகக் குறைந்தது. எண்பது வயதில் இன்னொரு மாரடைப்பு என்பது பலருக்குத் தானே எழுந்து நடமாடும் தெம்பையே பறித்துவிடும். அந்தக் குறைவையும் சிகிச்சையின் சிரமத்தையும் நோயாளியிடமே சொல்லி, அவர் விருப்பத்தைக் கேட்க வேண்டும். டாட்டரின் மூதாட்டியும் தன் விருப்பத்தைச் சொன்னவர்தான்.