மேல்வயிற்று வலிக்கான சீன மூலிகைகள்

தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குழியை ஒட்டி எழும் வலியைச் சீன மருத்துவம் 'வெய்தொங்' என்கிறது. சித்த மருத்துவத்தில் இதற்கு நெருங்கியது, 8 வகையாகப் பிரிக்கப்படும் குன்மம்.

இவ்வலிக்குச் சீனர் தரும் மருந்துகளில் மிக எளியது 'லியாங் ஃபூ வான்' என்ற உருண்டை. சரக்கு இரண்டே: சித்தரத்தை, கோரைக்கிழங்கு. சென்னை அபிராமபுரத்துக்காரர் மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் போய், டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் கேட்கும் அதே சரக்குகள். நம் வீடுகளில் சித்தரத்தை இருமலுக்கும் சளிக்கும் உரியது. சீனரோ அதைக் குளிர்ந்துபோன இரைப்பையைச் சூடாக்கக் கொடுக்கின்றனர். நாம் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் தரும் கோரைக்கிழங்கு, அவர்கள் கணக்கில் கல்லீரலில் தேங்கிய 'ச்சி' என்னும் உயிர்க்காற்றை அவிழ்த்துவிடுவது.

19ஆம் நூற்றாண்டுச் செய்முறையின் நுட்பம் வியக்க வைக்கிறது. சித்தரத்தையை மதுவிலும் கோரைக்கிழங்கைக் காடியிலும் 7 முறை கழுவி, வறுத்துத் தனித்தனியே பொடித்து, தனித்தனியே வைக்க வேண்டும். குளிர்ச்சியால் வந்த வலியானால் சித்தரத்தை இரு பங்கு, கோரைக்கிழங்கு ஒரு பங்கு. கோபத்தால் வந்ததானால் அளவு தலைகீழ். இரண்டும் சேர்ந்ததானால் சம பங்கு. கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி இஞ்சிச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து உண்ண வேண்டும். நோயாளியின் மனநிலையை அளவிலேயே எழுதிவைத்த மருந்து இது.

அதிமதுரமும் இரு மரபுக்கும் பொது. 1946இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ் அதன் சாறு இரைப்பைப் புண்ணை ஆற்றுவதாக எழுதினார். பின்னர் அதிலிருந்து கார்பெனாக்சலோன் மாத்திரை பிறந்தது. நெடுநாள் உண்டால் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். 1982இல் கண்டறியப்பட்ட ஹெலிகோபாக்டர் கிருமியால் வந்த புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். மலம் கறுத்தாலோ வியர்வையோடு நெஞ்சு அடைத்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும்.

காஷ்மீர் மலைகளிலிருந்து சீனாவுக்குப் போன கோஷ்டம் என்னும் வேர் அங்கே 'மூ ஷியாங்'. வயிற்று வலிக்கு விற்ற 'ச்சிங் மூ ஷியாங்' பெயரில்தான் அதன் உறவு. அது அரிஸ்டோலோக்கியா இனத்து வேர். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தை அழித்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பதால் 2004இல் சீனா அதை விலக்கியது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே இனம். பொடித்துவிட்டால் எந்த வேர் என்று கண்ணுக்குத் தெரியாது. கோஷ்டத்தை முழு வேராகக் கேட்டு வாங்குவதே நல்லது.