இரண்டு நூல் ஸ்பேனர்

ஒருத்தர் கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால் 'மரை கழண்ட கேஸ்' என்று சொல்லிவிடுகிறோம். போல்ட்டின் உடம்பைச் சுற்றி ஓடும் திருகு வரிதான் மரை. சரியாகச் சொன்னால் மரை கழலாது. நட்டு கழலும், மரை தேயும். ஆனால் வசவுக்கு இலக்கணம் பார்க்க முடியுமா? பழைய லாரிப் பட்டறையில் யாரிடமாவது இதைச் சொன்னால், 'எந்த மரை? இஞ்சு மரையா, மில்லிமீட்டரா?' என்று திருப்பிக் கேட்கக்கூடும். கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

பழைய வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினைப் பற்றி எழுதுகிறார்கள், சத்தத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு நட்டுகள் மேல்தான் கண். ஒரு வண்டி எந்த நாட்டில், எந்தக் காலத்தில், யாருடைய உடன்படிக்கையின் பேரில் உருவானது என்பதை நட்டைப் போல வேறெதுவும் சொல்வதில்லை. அந்த நட்டுக்குப் பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு அதன் ஆறு மூலையையும் மழுக்கிவிட்டால், அந்த வரலாறும் சேர்ந்தே மழுங்கிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனி மரை இருந்தது. ஒரு போல்ட்டுக்கு அதற்கென்றே வெட்டிய நட்டு மட்டும்தான் சேரும். இயந்திரத்தைப் பிரித்துப் போட்டால் எது எதனுடைய ஜோடி என்று குறித்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பப் பூட்ட முடியாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை கற்று, பிறகு மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை வைத்த ஜோசப் விட்வொர்த் இதற்கு ஒரு வழி கண்டார். இங்கிலாந்தின் பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்து, சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி என்று வந்தது. 1841-இல் அதைப் பொது அளவாக முன்வைத்தார். ரயில்வே கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ரயில் போன இடமெல்லாம் மரையும் போனது, இந்தியா உட்பட.

55 என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. அன்றைக்கு ஊரில் புழங்கிய மரைகளின் நடுவாந்திரம், அவ்வளவுதான். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் விட்வொர்த் மரபில் வந்த ஸ்பேனரை முதன்முதலில் கையில் எடுக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். 1/4 டபிள்யூ என்று பொறித்திருக்கும். நம் கொத்தனாரும் பிட்டரும் சொல்கிற கணக்கில் அது இரண்டு நூல். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம். ஸ்பேனரின் வாயை அளந்தால் 0.525 அங்குலம் இருக்கும், அதாவது நாலு நூலுக்கும் மேலே. பொறித்திருப்பது வாயின் அகலம் அல்ல, அந்த நட்டு ஏறுகிற போல்ட்டின் தடிமன். அதே ஸ்பேனரில் 5/16 பிஎஸ்எஃப் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். பிஎஸ்எஃப் என்பது 1908-இல் வந்த நெருக்கமான மரை. அதன் போல்ட் தலைகளை ஒரு படி சிறியதாக வைத்தார்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சம் பிடிக்க, பழைய அகல மரை போல்ட்டுகளின் தலையையும் அதே சின்ன அளவுக்கு இறக்கினார்கள். ஆக ஒரு ஸ்பேனர், இரண்டு எண்கள், இரண்டுமே வாயின் அளவு இல்லை. இதை மனப்பாடம் செய்துதான் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தொழில் கற்றார்கள்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரி மரையை முன்வைத்தார். விட்வொர்த் மரையின் முகடு உருண்டையாக இருக்கும், அதைத் துல்லியமாக வெட்டக் கைத்தேர்ச்சி வேண்டும். செல்லர்ஸ் முகட்டைத் தட்டையாக்கினார். சாதாரணத் தொழிலாளியால் செய்ய முடிகிற மரை வேண்டும் என்பது அவருடைய வாதம். இரண்டு மரையும் எழுபது வருடத்துக்கும் மேலாக அவரவர் நாட்டில் சௌக்கியமாக இருந்தன. போர் வந்ததும் சிக்கல். அரை அங்குல போல்ட்டில் பிரிட்டிஷ் அகல மரைக்கு அங்குலத்துக்கு 12 சுற்று, அமெரிக்க மரைக்கு 13. நட்டு கொஞ்சதூரம் சமர்த்தாகப் போய் அப்புறம் இறுகி நின்றுவிடும். ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான எஞ்சினை டெட்ராய்ட்டில் தயாரிக்க வந்த பேக்கர்ட் கம்பெனி, பிரிட்டிஷ் மரை வெட்டுவதற்கான டேப், டை எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகு, 1948 நவம்பர் 18 அன்று, அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டன. 55 தோற்றது, 60 வென்றது.

நமக்கு இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. அதே 1948-இல்தான் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். பிறகு லேலண்டோடு ஒப்பந்தம், 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றம். அதே 1955-இல் இந்திய ராணுவத்துக்கான புல்லட் 350 தயாரிப்புக்காக என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. எண்ணூரும் திருவொற்றியூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டும் இங்கிலாந்திலிருந்து வரைபடத்தோடு அங்குலத்தையும் இறக்கிக்கொண்டன. இங்கிலாந்து தன் பழைய மரையிலிருந்து விலகத் தொடங்கிய நேரத்தில் நாம் அதற்குள் குடிபோனோம். புல்லட் இன்னும் மோசம். அதில் பிஎஸ்எஃப் தவிர, சைக்கிள் தொழிலிலிருந்து வந்த, அங்குலத்துக்கு 26 சுற்று போகிற சைக்கிள் மரையும் உண்டு. ராயல் என்ஃபீல்டு ஒருகாலத்தில் சைக்கிள் கம்பெனி என்பதை நட்டு மறக்கவில்லை.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1954-இல், ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கம்பெனி டைம்லர் பென்ஸோடு கைகோத்து லாரி செய்ய ஆரம்பித்தது. அது ஜெர்மன் வண்டி, முழுக்க மில்லிமீட்டர். அரசாங்கமும் 1956-இல் சட்டம் போட்டு, 1958 அக்டோபரில் இருந்து நாட்டைப் படிப்படியாக மெட்ரிக்குக்கு மாற்றியது. கிலோவும் மீட்டரும் கடைத்தெருவுக்கு வந்துவிட்டன. ஆனால் சட்டம் போட்டால் ஓடுகிற லாரியின் நட்டு மாறுமா?

சங்ககிரியில் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவரிடம் இதைப் பற்றி நீளமாகப் பேசியிருக்கிறேன். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் லாரித் தொழிலில் எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அவர் பத்து வயதில் பட்டறைக்கு வந்தவர். "லேலண்டுக்கு ஒரு பொட்டி, டாட்டாவுக்கு ஒரு பொட்டிங்க. மாத்தி எடுத்துக் குடுத்தா அதே ஸ்பேனர்ல அடி விழும்," என்றார். ஆங்கில எழுத்து தெரியாத பையன்கள் எப்படி அடையாளம் கண்டார்கள் என்று கேட்டேன். லேலண்டு பெட்டியின் ஸ்பேனர்களுக்கு மேஸ்திரி மஞ்சள் பெயின்டில் பொட்டு வைத்திருப்பாராம். பொட்டு ஒன்று, பொட்டு இரண்டு, பொட்டு மூன்று. விட்வொர்த்தின் குழப்பமான எண்களுக்கு இதைவிடத் தெளிவான மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

தெரியாத நட்டையும் போல்ட்டையும் எப்படிச் சோதிப்பீர்கள் என்றதற்கு அவர் சொன்னது: "வெரல்லயே மூணு சுத்துப் போகோணும்ங்க தம்பி. அதுக்கு முந்தி ஸ்பேனரைக் கேட்டுச்சுன்னா அது இந்த போல்ட்டோட நட்டு இல்லீங்க." இன்னொரு வழியும் காட்டினார். இரண்டு போல்ட்டுகளைப் பக்கவாட்டில் மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது. இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் வேறு வேறு மரை. கேஜ் எதுவும் வேண்டாம்.

தப்பான ஸ்பேனர் என்ன செய்யும் என்பதை எண்ணில் பார்த்தால் புரியும். 0.525 அங்குலம் என்பது 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் ஏறாது. 14 ஏறும், ஆனால் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் ஆட்டம். டாட்டா பெட்டியில் 14 எப்போதும் மேலேயே கிடக்கும் என்பதுதான் வினை. ஆட்டம் இருந்தால் ஸ்பேனரின் வாய் நட்டின் பக்கத்தைப் பிடிக்காது, மூலையில் மட்டும் நிற்கும். அழுத்தினால் மூலை வழுக்கிச் சீவும். இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை நட்டு உருண்டை. அப்புறம் பைப் ரெஞ்சு, அதுவும் பிடிக்காவிட்டால் உளியும் சுத்தியலும். பழைய வண்டிகளில் நட்டின் பக்கத்தில் சாய்வாக விழுந்திருக்கும் வெட்டைப் பார்த்திருப்பீர்கள். அது உளித் தடம்.

இந்தத் தடத்தைப் பார்த்து 'நம்மாளுங்களுக்கு வேலை தெரியாது' என்று சொல்கிறவர்கள் உண்டு. 'உளியை வச்சே வண்டியைச் சரிபண்ணுவான் நம்ம ஆளு' என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. வடக்கே இதற்கு ஜுகாட் என்று பெயர் வைத்து, மேலாண்மைப் புத்தகம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. 1957-க்குப் பிறகு அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிக்கு லைசென்ஸ். நல்ல எஃகில் அடித்த வெளிநாட்டு ஸ்பேனர் செட் சின்னப் பட்டறைக்காரருக்கு எட்டாக்கனி. உள்ளூரில் கிடைத்த மட்டமான ஸ்பேனர் கொஞ்ச நாளில் வாய் பிளந்துவிடும். எல்லா அளவுக்கும் பொதுவாக ஒரு ஸ்குரூ ஸ்பேனர், ஒரு உளி, ஒரு சுத்தியல் என்று அவர்கள் வாழ்ந்தது சாமர்த்தியத்தைக் காட்ட அல்ல, வேறு வழியில்லாமல். அதிலும் ஒரு கவனம் இருந்தது. ஆட்டம் இருந்தால் ஹாக்ஸா பிளேடின் துண்டையோ தகரத்தையோ நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே செருகி இடைவெளியை அடைப்பார்கள். துருப்பிடித்த நட்டை ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுவார்கள். அந்தக் கவனத்தைச் சொல்லாமல் உளியை மட்டும் கொண்டாடுவது, பசியில் பழையது சாப்பிட்டவரிடம் போய் உங்கள் உணவுப் பண்பாடு அருமை என்று சொல்வது மாதிரி.

அந்தப் பெரியவரின் வலதுகை சுட்டுவிரல் முழுதாக மடங்காது. உருண்டைப் பட்ட நட்டில் ஸ்பேனர் வழுக்கி, கை சேஸிஸில் மோதியது. அவருக்கு அப்போது பதினாலு வயது. ஜுகாட் புத்தகங்களில் இந்த விரல் வருவதில்லை.

கதை அங்குலத்தோடு முடியவில்லை. 1984, 85 வாக்கில் ஜப்பானியக் கூட்டில் 100 சிசி பைக்குகள் வந்தன: இந்த்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100. எல்லாம் மில்லிமீட்டர், நிம்மதி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் எஞ்சின் கவரில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூக்கள் இருந்தன. நம்மிடம் இருந்தது பிலிப்ஸ் வகை ஸ்டார் திருப்புளி, 1930களில் அமெரிக்காவில் பிறந்தது. ஜப்பானியத் தர ஸ்க்ரூவின் பள்ளம் பார்வைக்கு அதே மாதிரிதான், உள் வடிவத்தில் சின்ன வித்தியாசம். பிலிப்ஸ் திருப்புளி அதன் அடிவரை சரியாக உட்காராது. பலம் கொடுத்தால் மேலே ஏறிக் குதித்துப் பள்ளத்தைக் குதறிவிடும். அலுமினியக் கவரில் வருடக்கணக்காக இறுகிப்போன ஸ்க்ரூ என்றால் கேட்கவே வேண்டாம். இதற்குச் சரியான கருவி இம்பாக்ட் திருப்புளி: பின்னால் சுத்தியலால் தட்டினால் அந்த அடியே உள்ளே திருகலாக மாறும், ஸ்க்ரூவை அழுத்திக்கொண்டே கழற்றும். மேக்னட்டைக் கழற்றுவதும் அப்படித்தான். அதற்கென்று புல்லர் இருக்கிறது. இல்லாமல் சுத்தியலால் தட்டினால் காந்தம் விரிசல் விடலாம், கிராங்க் கோணலாகலாம்.

திருவொற்றியூர் புல்லட்டும் படிப்படியாக மில்லிமீட்டருக்கு நகர்ந்தது. ஒரே நாளில் அல்ல, பாகம் பாகமாக. அதனால் இடைக்கால வண்டி ஒன்றில் ஒரு நட்டு அங்குலம், அதற்குப் பக்கத்து நட்டு மில்லிமீட்டர் என்று இருக்கும். நடுவில் யாராவது கடையில் கிடைத்ததைப் போட்டிருந்தால் மூன்றாவதாக ஒரு மரையும் இருக்கலாம். சங்ககிரிப் பெரியவரின் மகன் இப்போது பட்டறை நடத்துகிறார், மில்லிமீட்டர் பெட்டி அவரிடம். மஞ்சள் பொட்டுப் பெட்டி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிரீஸ் தடவிக் கிடக்கிறது. எப்போதாவது பழைய லேலண்டையோ புல்லட்டையோ மீட்டெடுக்கிறவர்கள் தேடி வந்து வாங்கிப்போய்த் திருப்பித் தருகிறார்கள். வாடகை கிடையாது. ஆனால் எண்ணி வாங்கிக்கொள்வார்.

இப்போது ஆர்எக்ஸ் 100-க்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வாங்கப் போகிற நண்பர்கள் என்னையும் கூப்பிடுவதுண்டு. பெயின்ட் புதுசு, சீட் புதுசு, சைலன்சர் பளபளப்பு. நான் குனிந்து எஞ்சின் கவரின் ஸ்க்ரூத் தலைகளைத்தான் முதலில் பார்ப்பேன். பிறகு கார்பரேட்டர், அப்புறம் ஹெட் நட்டுகள். மூலை கூர்மையாக இருந்தால், இதுவரை திறந்தவர்கள் சரியான கருவியோடு திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குதறியிருந்தால் உள்ளே இன்னும் என்னென்ன குதறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விலையை அதற்கப்புறம் பேசலாம்.