அக்னி நட்சத்திரத்தில் வந்த வெள்ளம்



திண்டிவனம் பக்கம் எங்க ஊர்ல கோடை மழை மேற்கால இருந்துதான் வரும். பகல் பூரா வெயில் காய்ச்சும். சாயங்காலம் கடல்காத்து உள்ள நுழைஞ்சு மேல்காத்தோட மோதும்போது, செஞ்சி மலைப் பக்கம் வானம் கருக்கும். கொஞ்ச நேரத்துல புழுதி, இடி, மழை எல்லாம் ஒண்ணா வந்துடும். கரண்ட் போயிடும். மாட்டைக் கொட்டாயில கட்டிட்டு, விளக்கை ஏத்தி வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். காலையில பார்த்தா முருங்கை முறிஞ்சு கிடக்கும், வாழை சாய்ஞ்சிருக்கும். ஆனாலும் மனசுல சந்தோஷம்தான். அந்த ஈரத்துல ஏர் ஓட்டினா கோரைக்கிழங்கு மேல வந்து வெயில்ல காயும், மண்ணுக்குள்ள இருக்கிற கூட்டுப்புழு கொக்குக்கு இரையாகும். கோடை உழவு கோடி நன்மைன்னு சும்மாவா சொன்னாங்க?

அதனால கோடை மழைக்கு நாங்க பயப்படறதில்ல. வெள்ளம்னா அது ஐப்பசி, கார்த்திகை சமாச்சாரம்னு ஒரு நெனப்பு.

எங்க தாத்தா மட்டும், "அக்னியிலயே ஏரி கோடி போயிருக்குடா" என்பார். கத்திரி வெயில்ல ஏரியில ஆடு மேயறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தாத்தா கதை விடறாருன்னு சிரிப்பேன்.

அது கதை இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 1943 மே 18. வைகாசி பிறந்த புதுசு, அக்னி நட்சத்திரம் நடந்துக்கிட்டு இருந்த நேரம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993இல். அன்னைக்கு நாமெல்லாம் தென்னாற்காடு, தலைநகரம் கடலூர். அந்தக் கடலூரில் ஒரே நாளில் 57 செ.மீ. மழை பதிவானது. நம்ம பக்கம் வருஷம் பூரா பெய்யறதுல ஏறக்குறைய பாதி. அதுவும் யுத்த காலம். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய், அங்கிருந்து வர்ற அரிசி நின்னு போயிருந்த நேரம். அப்ப நனைஞ்ச ஒவ்வொரு மரக்கா தானியமும் எவ்வளவு பெரிய நஷ்டம்னு நெனச்சுப் பாருங்க.

அப்புறம் 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராம அங்கேயே நின்னுடுச்சு. மயிலத்தில் 51 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து, அரசூர்ல திருச்சி நெடுஞ்சாலையே முழுகிடுச்சு. எங்க சம்பா நெல் தண்ணிக்குள்ள படுத்துப்போச்சு. அன்னைக்கு ராத்திரி தாத்தா நினைப்பு வந்தது. கார்த்திகையில, முன்கூட்டியே எச்சரிக்கை எல்லாம் கொடுத்த பிறகே இந்த கதி. இதே மழை வைகாசியில வந்தா?

கோடையில ஏரி காஞ்சு கிடக்கும். வரத்து வாய்க்கால்ல முள்ளு மண்டியிருக்கும், கலங்கல்ல குப்பை அடைச்சிருக்கும். தை மாசத்துல பார்த்துக்கலாம், ஆடியில பார்த்துக்கலாம்னு தள்ளிப் போடுவோம். வாய்க்காலை மறிச்சு மனை போடறவங்களைத் திட்டறோம். ஆனா உண்மையைச் சொல்லணும்: என் வரப்பும் வாய்க்காலுக்குள்ள ரெண்டு அடி நீண்டுதான் இருந்தது. எங்க அப்பா காலத்துல கொஞ்சம், என் காலத்துல கொஞ்சம். ஃபெஞ்சலுக்கு அப்புறம் மண்வெட்டி எடுத்து நானே வெட்டித் தள்ளினேன். பக்கத்துக் கழனிக்காரர் சிரிச்சார். நான் தாத்தாவைப் பார்த்துச் சிரிச்ச மாதிரியே.

மழைக்கு மாசம் கிடையாது. இனிமே எங்க வீட்டில் வாய்க்கால் வேலை சித்திரை பிறக்கறதுக்கு முன்னாலயே முடிஞ்சுடும்.