ஜோலார்பேட்டைத் தடத்தின் பூட்டுகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனி போட்ட இந்தப் பாதை பின்னர் காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்கு நீண்டது. அங்கிருந்து பிரிந்த கிளை 1864இல் பெங்களூரைத் தொட்டது. பாலாற்றங்கரைத் தொழிற்கூடங்களில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் போய்ச்சேர இதைவிட வசதியான வழி வேறில்லை.

சரக்கு வண்டியும் மெயிலும் ஒரே தடத்தில் ஓடின. ஆரம்ப நாட்களில் பாயிண்ட்ஸ்மேன் தடத்தருகே நின்று, வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டைக் கையால் திருப்புவார். கைகாட்டி சிக்னல் ஒரு வழியைச் சொல்ல, பாயிண்ட் வேறு வழியில் கிடந்தால் விபத்துதான். இரண்டையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இன்டர்லாக்கிங் முறை இந்தியாவில் 1890களில்தான் பரவத் தொடங்கியது. சிக்னல் கேபினில் வரிசையாக நின்ற நெம்புகோல்களுக்கு அடியில் எஃகுப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொள்ளாத வரை சிக்னல் நெம்புகோல் அசையாது. எவ்வளவு அவசரமானாலும் எஃகு வழிவிடாது என்பதே இதன் பலம்.

சிக்னலை இழுத்தது கப்பிகளின் மேல் ஓடிய கம்பி. வேலூர் வெயில் இங்கே ஒரு தொல்லை: 500 மீட்டர் எஃகுக் கம்பி, வெப்பநிலை 25 டிகிரி கூடினால் ஏறக்குறைய 15 செ.மீ. நீளும். தளர்ந்த கம்பியால் கைகாட்டியின் கை சரியாக இறங்காது. அதனால் கேபினிலேயே கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் வசதி வைத்தார்கள். கம்பி அறுந்தாலோ எடைக்கல் கையைத் தானாகவே ‘நில்’ நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

பழுதானால் ‘நில்’ என்ற அதே எண்ணம் மின்சாரத்திலும் தொடர்ந்தது. ட்ராக் சர்க்யூட்டில் தண்டவாளத்தின் வழியே குறைந்த மின்னோட்டம் பாய்ந்து ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். வண்டியின் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களை இணைத்தவுடன் ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் பெரும்பாலும் அதுவே நடக்கும். 1980களில் இந்தத் தடத்துக்கு மின்கம்பி வந்தது. தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடும்போது அருகிலுள்ள கம்பிகளில் தூண்டல் மின்சாரம் எழும் என்பதால் சிக்னல், தொலைபேசி இணைப்புகள் மண்ணுக்கடியில் கேபிளாயின. கைகாட்டி இருந்த இடத்தில் வண்ண விளக்கு வந்தது.

தெற்கு ரயில்வேயின் ஸ்ரீரங்கம் நிலையத்தில் 1987இல் இந்தியாவின் முதல் மின்னணு இன்டர்லாக்கிங் அமைக்கப்பட்டது. அதில் எஃகுப் பட்டையின் வேலையை நிரல் செய்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகள் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு, விடை ஒத்துப்போனால்தான் பச்சை. யார்டில் ஒரு லைன் கூடினால் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பிரித்துக் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் மாற்றும் நாட்களில் ‘நான்-இன்டர்லாக்கிங் பணி’ என்று வண்டிகள் ரத்தாவது தவிர்க்க முடியாதது.

மாதிரி ரயில் ஆர்வலர்களின் டிஜிட்டல் முறை வேறு திசையில் போனது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1990களில் அமெரிக்க ஆர்வலர் சங்கம் தரமாக்கிய அந்த ஏற்பாட்டில் மின்சாரமும் கட்டளையும் இரண்டே ஒயரில் போகின்றன. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி முகவரி உண்டு. நில் என்றால் எஞ்சினே நிற்கும். உண்மையான ரயிலில் பூட்டு பாயிண்டையும் விளக்கையும் மட்டுமே கட்டியது, ஓட்டுநரைக் கட்டவில்லை.

அந்த இடைவெளி 2011 செப்டம்பர் 13 இரவு அரக்கோணம் அருகே சித்தேரியில் வெளிப்பட்டது. சிக்னலுக்காக நின்ற அரக்கோணம்–காட்பாடி பாசஞ்சர் வண்டியின் பின்னால், சென்னை கடற்கரை–வேலூர் கண்டோன்மென்ட் மின்தொடர் வண்டி மோதியது, பலர் உயிரிழந்தனர். 2020இல் தேசிய அளவில் ஏற்கப்பட்ட ‘கவச்’ இந்த இடைவெளிக்கான ஏற்பாடு. தண்டவாளத்தில் பதித்த அடையாளச் சில்லுகள் எஞ்சின் இருக்கும் இடத்தைச் சொல்ல, சிக்னலின் நிலை வானொலி வழியே எஞ்சினை எட்டுகிறது. ஓட்டுநர் பிரேக் போடத் தவறினால் கருவியே போடுகிறது.