நாகைக் கடற்போரும் செர்ரெஸின் ஓவியமும்

1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால், எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலக் கடற்படையும் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படையும் பொருதன. இருபுறமும் களங்கண்ட பெருங்கப்பல்கள் பதினொன்று. இப்போரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர் டொமினிக் செர்ரெஸ். பிரான்ஸின் காஸ்கனியில் பிறந்து, ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, இலண்டனில் தங்கிவிட்டவர். 1768இல் அரச கலைக்கழகத்தின் நிறுவன உறுப்பினருள் ஒருவர். 1780இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கடல் ஓவியர். தாய்நாட்டுக் கப்பல்கள் குண்டடிபடுவதை எதிரியின் பார்வைக்காக வரைவது அவருக்குத் தொழிலாயிற்று.

போர் நடந்தபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். கடல் ஓவியர்கள் அக்காலத்தில் தளபதிகளின் கடிதங்களையும் கப்பல் நாட்குறிப்புகளையும் கொண்டே வரைந்தனர். ஆகவே கொடியும் பாய்மரமும் பிழையின்றி அமையும். ஆயின் ஓவியம் ஒரு கணத்தையே நிறுத்திக் காட்ட வல்லது. நாகைப் போரை முடித்ததோ காற்றின் மாற்றம். முற்பகல் பதினொரு மணியளவில் தென்மேற்குக் காற்றில் தொடங்கிய போர், நண்பகலுக்குப் பின் கடற்காற்று திடீரெனத் தென்கிழக்கிலிருந்து வீசவே, இரு அணிகளும் சிதறிக் குலைந்தது. நம் கரையோர மீனவர் நாள்தோறும் அறிந்த காற்றுதான் அது. அக்குழப்பத்தில் பிரெஞ்சுக் கப்பல் 'செவேர்' கொடியை இறக்கிற்று. அதிகாரிகள் இணங்காது மீண்டும் ஏற்றி, கைப்பற்ற வந்த ஆங்கிலக் கப்பலைச் சுட்டனர். அந்த ஆங்கிலக் கப்பலின் பெயர் 'சுல்தான்' என்பது வேடிக்கை. பிரெஞ்சுத் தரப்பில் 178 பேரும் ஆங்கிலத் தரப்பில் 77 பேரும் மாண்டனர். கப்பல் எதுவும் பிடிபடவில்லை.

நாகை ஏன் குறியாயிற்று? 1658 முதல் டச்சுக்காரர் வசமிருந்த அத்துறைமுகத்தை 1781 நவம்பரில் ஆங்கிலேயர் பறித்தனர். அதை மீட்டு, ஹைதர் அலியின் போருக்கு உதவும் தளமாக்குவதே சுஃப்ரனின் நோக்கம். அதே 1781இல் ஹைதரின் படை தஞ்சை வளநாட்டைச் சூறையாடி, நெல் விளைச்சலைக் குலைத்தது. 'ஹைதர் கலாபம்' என்று காவிரிக்கரையார் நெடுநாள் நினைவுகூர்ந்தனர். ஹைதரை ஆங்கிலேய எதிர்ப்பின் வீரராகப் போற்றும் நம்மவர் இதனை விரைந்து கடந்துவிடுவது முறையன்று. கலப்படையின் ஓவியத்தில் இவ்வயல்களுக்கு இடமில்லை என்பது ஓவியரின் குற்றமாகாது; வரலாறு எழுதுவோர்க்கு அச்சலுகை இல்லை.

வடக்கே சில கல் தொலைவில், தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய 131 அடி உயர நாகூர்ப் பெரிய மினாரா அப்போதே நின்றிருந்தது.

சுஃப்ரன் கடலூருக்கு விலகினார். ஜூலை 26 அன்று ஹைதரைச் சந்தித்தார். டிசம்பர் 7 அன்று ஹைதர் மறைந்தார். நாகையை டச்சுக்காரர் 1784 உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கே விட்டுக்கொடுத்தனர்.